ஏ5 புத்தகத்துக்கு ஸ்டேப்ளர் பின் அடித்து மடிக்கிற மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

ரெண்டாள்_பிரஸ்

வணக்கம். நானும் இன்னொருவரும் மட்டும் இருக்கிற சின்ன டிஜிட்டல் அச்சுக்கடை. விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் என்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு வருஷமாகச் சின்னப் புத்தக வேலை கூடிவிட்டது. பயிற்சிக் கையேடு, நிகழ்ச்சி நிரல், விலைப்பட்டியல், அந்த மாதிரி. பெரும்பாலும் ஏ5, 16 பக்கத்திலிருந்து 48 பக்கம் வரை, எப்போதாவது 64. உள்ளே 80 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு), இல்லையென்றால் 130 ஆர்ட் பேப்பர். கவர் 250 ஆர்ட், அதிலும் பாதிக்கு மேல் மேட் லேமினேஷன். மாதத்தில் ஒரு தடவை ஏ4 புத்தகமும் வரும். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 1,200 புத்தகம்.

இப்போது எல்லாம் கைவேலைதான். பிரின்டர் செட் செட்டாக வரிசைப்படுத்தித் தந்துவிடுகிறது. நாங்கள் கவரைச் சேர்த்து, மின்சார ஸ்டேப்ளரில் சென்டர் பின் இரண்டு அடித்து, கையால் மடித்து, கட்டிங் மெஷினில் முன் ஓரத்தை வெட்டுகிறோம். மடித்து மடித்து விரல் நுனி தேய்ந்து, இப்போதெல்லாம் என் போன் என் கைரேகையையே நம்புவதில்லை.

மூன்று மாதிரி காட்டியிருக்கிறார்கள். முதலாவது மேசைமேல் வைக்கிற சின்னது, செட்டைக் கையால் விட்டால் பின் அடித்து மடித்து வெளியே தள்ளும், வெட்டாது. இரண்டாவது, காற்றில் உறிஞ்சித் தாள் எடுக்கிற பத்துத் தட்டு டவர், பின்-மடிப்பு, ஓரம் வெட்டுகிற ட்ரிம்மர் எல்லாம் ஒரே வரிசையில், மணிக்கு 2,000 புத்தகத்துக்கு மேல் என்கிறார்கள். மூன்றாவது பிரின்டரோடேயே மாட்டுகிற ஃபினிஷர், அச்சான கையோடு புத்தகமாக்கித் தருவது. விற்பவர்கள் மூவரும் அவரவர் மெஷின்தான் சரி என்கிறார்கள், அது அவர்கள் வேலை. ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். எதைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

கட்டர்_ஓரம்

மணிக்கு 2,000 என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அந்தக் கணக்குப்படி உங்கள் ஒரு வார வேலை 36 நிமிஷத்தில் முடிய வேண்டும், முடியாது. அது ஒல்லியான புத்தகத்துக்கு, 80 ஜிஎஸ்எம் தாளில், இடையில் எதுவும் சிக்காமல் ஓடினால் வருகிற வேகம். உங்களுக்கு ஒரு நாளில் நாலு வேலை, நாலும் வேறு வேறு பக்கம், வேறு வேறு தாள் என்றால் ஓடுகிற நேரத்தைவிட செட்டிங் மாற்றுகிற நேரம்தான் அதிகம். அதனால் வேகத்தைக் கேட்காதீர்கள், ஏ5-இலிருந்து ஏ4-க்கு மாற்ற எத்தனை நிமிஷம், பொத்தானை அழுத்தினால் தானே நகருமா, கையால் திருகணுமா என்று கேளுங்கள். மாற்றிக் காட்டச் சொல்லி நீங்களே கடிகாரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, அந்தப் பத்துத் தட்டு டவர் யாருக்கானது என்று யோசியுங்கள். ஆப்செட்டில், அதாவது தகடு போட்டு, அடிக்கிறவருக்கு முதல் ஷீட் தனிக் கட்டு, இரண்டாவது ஷீட் தனிக் கட்டு என்றுதான் தாள் வரும், ஒவ்வொரு தட்டிலும் ஒரு கட்டை வைத்தால் மெஷின் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்கும். உங்கள் பிரின்டர்தான் செட்டாகவே தருகிறதே! சேர்த்த செட்டைப் பிரித்துத் தட்டுகளில் வைத்து மறுபடி சேர்க்கப் போகிறீர்களா? போதாக்குறைக்கு 48 பக்கம் என்றால், ஒரு ஷீட்டுக்கு நாலு பக்கம் வீதம், 12 ஷீட், பத்துத் தட்டு பத்தாது, இன்னொரு டவர் வேண்டும்.

டிஜிட்டலுக்கு என்று வேறு ஃபீடர் (தாளை எடுத்து உள்ளே விடுகிற பாகம்) இருக்கிறது. மொத்தக் கட்டையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம், 24 பக்கப் புத்தகம் என்றால் அது ஆறாறு ஷீட்டாக எண்ணிப் பிரித்துக்கொள்ளும். அதிலும் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை மட்டும் நம்புகிற ஃபீடரில் எங்கோ ஒரு இடத்தில் இரண்டு தாள் ஒட்டி வந்து, அதைச் சென்சாரும் விட்டுவிட்டால், அதற்கப்புறம் வருகிற அத்தனை புத்தகத்திலும் ஒரு ஷீட் இடம் மாறியிருக்கும். ஒரு தடவை முந்நூறு புத்தகம் அப்படிப் போய், ட்ரிம்மருக்கு வெளியே அழகாக அடுக்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்து ஓரத்தில் ஒரு குறி அச்சிட்டு அதைப் படித்துச் செட் பிரிக்கிற வசதி இருந்தால் தப்பு ஒரு புத்தகத்தோடு நிற்கும்.

எதுவும் முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்து வருகிற ஆர்டரில் நூறு புத்தகத்துக்கு எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். மொத்தமாக வேண்டாம், தனித்தனியாக.

ரெண்டாள்_பிரஸ்

நன்றி, நேற்று ஒரு வேலை இருந்தது, அளந்துவிட்டேன். 24 பக்கம் ஏ5, கவரோடு சேர்த்து ஆறு ஷீட், லேமினேஷன் கவர். நூறு புத்தகத்துக்கு: கவர் சேர்த்துத் தட்டி ஒழுங்குபடுத்த 25 நிமிஷம், பின் அடிக்க 20, மடிக்க 35, வெட்ட 25. ஆகமொத்தம் 105 நிமிஷம். 500 புத்தகம் என்றால் எட்டே முக்கால் மணி நேரம், வாரத்துக்கு 21 மணி நேரம். எழுதிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

மடிப்புதான் நேரத்தை எல்லாம் தின்கிறது என்று நினைத்திருந்தேன். கவர் சேர்ப்பது இவ்வளவு என்று தெரியாது. வெட்டுவதும் அப்படித்தான், ஒரு தடவைக்கு ஆறேழு புத்தகத்துக்கு மேல் வைத்தால் முதுகுப் பக்கம் தூக்கிக்கொண்டு வெட்டு சாய்ந்துவிடுகிறது.

பழைய_பைண்டர்

தம்பி, அது சாயத்தான் செய்யும். பின் இருக்கிற பக்கம் உப்பல், திறந்த பக்கம் ஒல்லி, தாளை அழுத்திப் பிடிக்கிற கிளாம்ப் இறங்கும்போது புத்தகம் வழுக்கும். முதுகுப் பக்கம் கிளாம்புக்கு வெளியே நிற்கிற மாதிரி ஒல்லியான பக்கத்தில் மட்டும் ஒரு பலகை வைத்து அழுத்தினால் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். ஆனால் வாரம் 1,200 புத்தகத்துக்கு அதுவும் தீர்வு இல்லை. ட்ரிம்மர் இல்லாத மெஷின் வாங்கினால் அந்த 25 நிமிஷம் உன்னிடமே இருக்கும். மேசை மெஷினை நான் தள்ளிவிடுவது அதனால்தான்.

மெஷின் பேச்சை விட்டுவிட்டு முதலில் தாளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த மெஷின் வாங்கினாலும் தாள் தப்பாக இருந்தால் நீ மெஷினைத்தான் திட்டுவாய். கிரெயின், அதாவது தாளின் நார் ஓடுகிற திசை, பார்க்கிறாயா? கடையில் வாங்குகிற ஏ4 கட்டில் கிரெயின் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை ஏ5-ஆக மடித்தால் மடிப்பு கிரெயினுக்குக் குறுக்கே விழும். புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், மடிப்பில் டோனர் (டிஜிட்டல் பிரின்டரின் பொடி மை) வெடிக்கும். ஆப்செட் மை தாளுக்குள் கொஞ்சம் இறங்கும், டோனர் மேலேயே ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும், அதனால்தான் டிஜிட்டலில் வெடிப்பு இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது.

இதற்கு வழி, நீளவாக்குக் கிரெயின் உள்ள எஸ்ஆர்ஏ3 (ஏ3-ஐவிடக் கொஞ்சம் பெரியது) தாளில் ஒரே பக்கங்களை மேலும் கீழும் இரண்டாகப் போட்டு அடி. அடித்த கட்டை நடுவில் வெட்டினால் இரண்டு கட்டு கிடைக்கும், இரண்டிலும் செட் வரிசை கலையாது, மடிப்பும் கிரெயினோடு போகும். மேலும் கீழும் பிளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீட்டி அச்சிட்ட பகுதி) இருந்தால் அதே வெட்டில் சுத்தமாக வெட்டிவிடலாம். இது முக்கியம், நீ பார்க்கிற ட்ரிம்மர் முன் ஓரத்தை மட்டும்தான் வெட்டும். மூன்று பக்கமும் பிளீட் இருக்கிற வேலையை வாங்கி வைத்துக்கொண்டு, மெஷின் வந்த பிறகு தலைப்பக்கம் வெள்ளைக் கோடு தெரிகிறது என்று அலறியவர்கள் உண்டு. ஏ4 புத்தகத்துக்கு இது தலைகீழ், அங்கே குறுக்குக் கிரெயின் எஸ்ஆர்ஏ3 கேட்டு வாங்க வேண்டும். எது எந்தக் கிரெயின் என்று சந்தேகம் வந்தால் ஒரு தாளைக் கிழி, நேராகக் கிழிகிற பக்கம்தான் கிரெயின்.

கவரைக் கிரீஸ் போடாமல், அதாவது மடிக்கிற இடத்தில் அழுத்திக் கோடு போடாமல், மடிக்கவே கூடாது. 250 ஆர்ட், லேமினேஷன் வேறு. லேமினேஷன் முதலில், கிரீஸ் அப்புறம், மடிப்பு கடைசி. கிரீஸ் போட்ட இடத்தில் ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும், மேடு புத்தகத்தின் உள்பக்கம் வர வேண்டும். பாதிப் பேர் இதைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கிரீசிங் மெஷின் சரியில்லை என்பார்கள்.

அப்புறம் ஒன்றுக்குள் ஒன்றாகத் தாள் செருகும்போது நடுத்தாள் வெளியே நீண்டுகொண்டு வரும். 80 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.1 மி.மீ. கனம், ஆகவே 48 பக்கத்தில் நடுத்தாள் கவரைவிட ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வெளியே நிற்கும். ட்ரிம்மர் அதை வெட்டிச் சமன் செய்துவிடும், ஆனால் நடுப்பக்கத்தில் எழுத்து ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கே மார்ஜின் குறையும். பக்கம் அடுக்குகிற மென்பொருளிலேயே இதற்கு ஈடு கொடுக்கிற இடம் இருக்கும், அதைப் போட்டுக்கொள். போடாவிட்டால் பக்க எண்ணெல்லாம் நடுப்பக்கத்தை நோக்கிப் போகப் போக ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போகும்.

நடுராத்திரி_டெலிவரி

எல்லாரும் மெஷின் மெஷின் என்கிறீர்கள். வெளியே பைண்டிங் செய்கிறவரிடம் கொடுத்துவிட்டு அந்த 21 மணி நேரத்தில் இன்னும் நாலு ஆர்டர் பிடிக்கலாமே? நான் அதைத்தான் செய்கிறேன். மெஷின் வாங்கினால் தவணை, சர்வீஸ், இடம், அதை ஓட்டுகிற ஆள், எல்லாம் உங்கள் தலையில். வேலை குறைந்த மாதத்தில் மெஷின் சும்மா நின்றாலும் தவணை சும்மா நிற்காது. 1,200 என்பது எல்லா வாரமும் வருகிறதா, ஒரு நல்ல வாரத்துக் கணக்கா?

ரெண்டாள்_பிரஸ்

நியாயமான கேள்வி. கடந்த ஆறு மாதப் பில்லை எடுத்துப் பார்த்தேன், மிகக் குறைந்த வாரம் 700, அதிகம் 1,900. வெளியே கொடுத்தும் பார்த்தாயிற்று. தரம் பரவாயில்லை, ஆனால் எங்களிடம் வருகிற வேலையில் பாதி "நாளைக் காலை வேண்டும்" வேலை. வெளியே போய்த் திரும்பி வருவதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிடும்.

நடுராத்திரி_டெலிவரி

அப்படியென்றால் வாங்குங்கள். 700-க்குக் கீழே இறங்காது என்றால் நானே வாங்கியிருப்பேன். 1,900 வருகிற வாரத்துக்கு மட்டும் மிச்சத்தை வெளியே கொடுங்கள், அந்த வாரத்தை மனதில் வைத்துப் பெரிய மெஷின் எடுக்காதீர்கள்.

ஸ்பேனர்_அக்கா

நான் இந்த மாதிரி மெஷின்களைப் பிரித்து மாட்டுகிறவள், விற்பவள் இல்லை. கம்பெனிப் பெயர் எல்லாரும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: டூப்லோ, ஹொரைசன், மோர்கனா, பிளாக்மேட்டிக், வாட்கிஸ், நாகல் என்று இந்த வேலைக்குப் பேர் போனவை ஏழெட்டு உண்டு, எல்லாவற்றிலும் நல்ல மாடலும் இருக்கும், உங்களுக்குப் பொருந்தாத மாடலும் இருக்கும். உங்கள் ஊருக்கு எந்தக் கம்பெனியின் ஆள் ஒரு நாளில் வந்து சேருவார், எதற்கு ரப்பர் ரோலரும் பிளேடும் கையில் வைத்திருக்கிறார், அதுதான் உங்களுக்குச் சரியான கம்பெனி.

பின் அடிப்பதில் இரண்டு வகை. ஒன்று கார்ட்ரிட்ஜ் ஸ்டேப்பிள், அதாவது வெட்டி வளைப்பதற்குத் தயாராகவோ வளைத்தோ வருகிற பின், ஒரு கார்ட்ரிட்ஜில் 5,000 என்பது பரவலான அளவு. மாற்றுவது சுலபம், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். குறை என்னவென்றால் காலின் நீளம் ஒன்றுதான். 16 பக்கத்துக்கு நீளமாக இருக்கும், தடி புத்தகத்துக்குப் பற்றாமல் உள்ளே சரியாக மடங்காது, விரலில் குத்தும். இன்னொன்று கம்பிச் சுருளிலிருந்து மெஷினே வெட்டி வளைத்து அடிக்கிற ஸ்டிட்ச் ஹெட். புத்தகத்தின் கனத்துக்கு ஏற்றபடி கம்பி நீளத்தை மாற்றலாம். செலவும் குறைவு: அரை மில்லிமீட்டர் கம்பி இரண்டு கிலோ சுருள் என்றால் சுமார் 1,300 மீட்டர் நீளம், ஒரு பின்னுக்கு 25 மி.மீ. வைத்தால் 50,000 பின்னுக்கு மேல் வரும். ஆனால் ஹெட்டைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தேய்ந்த பாகத்தை அவ்வப்போது மாற்றிப் பராமரிக்க ஒருவர் பழக வேண்டும். பழகாதவர் கையில் நல்ல ஸ்டிட்ச் ஹெட்டும் கம்பியைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கும். வாரம் 1,200 புத்தகம், இரண்டே ஆள், பெரும்பாலும் 48 பக்கத்துக்குள் என்றால் நான் கார்ட்ரிட்ஜ் என்றுதான் சொல்வேன். இரண்டு மடங்கு வேலை வந்தால் பேச்சு வேறு.

"20 ஷீட் வரை" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது 80 ஜிஎஸ்எம் சாதாரணத் தாளில் சொல்கிற கணக்கு. உங்கள் 64 பக்கம் 130 ஆர்ட் என்றால் உள்ளே 15 ஷீட், மேலே 250 கவர். 130 ஆர்ட் பேப்பர் அழுத்தி வழவழப்பாக்கிய தாள், கனம் பார்த்தால் 80 சாதாரணத் தாளோடு கிட்டத்தட்டச் சமம்தான், ஆனால் விறைப்பும் வழுக்கலும் வேறு. ரோலர் பிடிக்காமல் நழுவும், மடிப்பு இறுகாது. விற்பவர் கொண்டுவருகிற தாளில் டெமோ பார்க்காதீர்கள். உங்கள் கடையில் அடித்த, உங்கள் லேமினேஷன் போட்ட, உங்களிடம் இருப்பதிலேயே மோசமான வேலையை எடுத்துக்கொண்டு போங்கள். பத்துப் புத்தகம் எந்த மெஷினும் அழகாகச் செய்யும், நூறு ஓட்டுங்கள். அதில் முதல் புத்தகத்தையும் நூறாவதையும் பக்கத்தில் வைத்து, பின் மடிப்புக்கோட்டின் மேலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். அப்போது தாளைத் தடவியும் பாருங்கள், ரப்பர் உருளை இழுக்கிற இடத்தில் கறுப்புப் பரப்பு மேல் பளபளவென்று தடம் விழுகிறதா என்று.

பிரின்டரிலிருந்து சுடச்சுட வந்த தாளை உடனே ஓட்டாதீர்கள். ஈரம் போய் மின்னேற்றத்தோடு இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரம் ஆற விட்டால் பாதிப் பிரச்சினை தானாகப் போகும். அவசர வேலைக்கு ஆற விட நேரம் இருக்காது என்பது தெரியும், அதற்குத்தான் நல்லாப் பிரித்து விசிறிவிடச் சொல்கிறோம்.

பழைய மெஷின் எடுப்பதாக இருந்தால் கவுன்ட்டரை மட்டும் பார்க்காமல் ரோலரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல்லாக இருந்தால் மாற்ற வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளத்தாலும் அப்படித்தான். யாராவது தின்னர் போட்டுத் துடைத்திருப்பார்கள், ரப்பரை அது கெடுத்துவிடும். பிளேடை எங்கே தீட்டுவது, உதிரி பிளேடு கூடவே வருமா என்றும் கேளுங்கள், லேமினேஷன் கவர் அதிகம் வெட்டினால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். இன்னொன்று, இது சிரிப்பாக இருக்கும், ஆனால் நாலு இடத்தில் நடந்திருக்கிறது: கதவை அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

ஒரே_வரிசை

மூன்றாவது மாதிரியை யாரும் பேசவில்லை, நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். பிரின்டரோடு மாட்டிய ஃபினிஷர். இரவு வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் புத்தகமாக நிற்கும், அந்தச் சுகத்தை வேறு எதுவும் தராது. சாதாரணக் கவர், 80 ஜிஎஸ்எம், 40 பக்கத்துக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், காரணம் அந்த லேமினேஷன். கவரைத் தனியாக அடித்து, லேமினேட் செய்து, கிரீஸ் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் அதை உள்ளே விட தனி இன்செர்ட்டர் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட கவர் சுருண்டு நிற்கும், அதை எடுக்கத் தடுமாறும். இன்னொரு சங்கடம், ஃபினிஷரில் ஒரு பின் சிக்கினால் பிரின்டரும் நின்றுபோகும். விசிட்டிங் கார்டுக்காரர் வாசலில் நிற்பார், உள்ளே நீங்கள் கதவைத் திறந்து வளைந்த பின்னை நோண்டிக்கொண்டிருப்பீர்கள். பிரின்டரை மாற்றுகிற நாளில் ஃபினிஷரும் கூடவே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தனி மெஷின் என்றால் பிரின்டர் எத்தனை மாறினாலும் அது நிற்கும், வேறொருவர் ஆப்செட்டில் அடித்துக் கொடுத்ததையும் ஓட்டலாம்.

கட்டர்_ஓரம்

லேமினேஷன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன், முதலில் இதை யோசிக்கவில்லை. உங்கள் 25 நிமிஷக் கவர் வேலை இருக்கிறதே, தானாகத் தாள் எடுக்கிற ஃபீடர் வாங்கினாலும் கவருக்குத் தனித் தட்டு இல்லாவிட்டால் அது அப்படியே நிற்கும். செட்டுக்கு நடுவே நடுவே கவரைச் செருகிவைத்துக் கட்டாக்கினால்தான் ஃபீடருக்குள் வைக்க முடியும், அப்புறம் என்ன ஆட்டோமேட்டிக்? ஆனால் கையால் செட் விடுகிற மெஷினில் நீங்கள் எப்படியும் ஒவ்வொரு செட்டையும் கையில் எடுக்கத்தான் போகிறீர்கள். இடது கையில் கவர், வலது கையில் செட், இரண்டையும் சேர்த்தே உள்ளே விட்டுவிடலாம், தட்டி ஒழுங்குபடுத்துவதை மெஷின் பார்த்துக்கொள்ளும். அந்த 25 நிமிஷமும் பின் அடிக்கிற 20 நிமிஷமும் மடிக்கிற 35-ம் ஒரே அசைவுக்குள் வந்துவிடும்.

ஆகவே என் யோசனை, மேசை மெஷினும் இல்லை, டவரும் இல்லை. தரையில் நிற்கிற பின்-மடிப்பு-ட்ரிம்மர், கையால் செட் விடுகிறது, பின்னால் தேவைப்பட்டால் ஃபீடர் மாட்டிக்கொள்ள இடம் உள்ளது. அப்படி மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். மிச்சமாகிற காசில் ஒரு கிரீசிங் மெஷின்.

பழைய_பைண்டர்

இது சரி. முதுகைச் சதுரமாக அழுத்துகிற யூனிட்டும் கேட்டால் காட்டுவார்கள், பார்க்கக் கெட்டி பைண்டிங் மாதிரி இருக்கும், வாயும் பிளக்காது. 64 பக்கம் அடிக்கடி வந்தால் எடு, எப்போதாவது என்றால் வேண்டாம். வெட்டின புத்தகத்தைப் பத்து முதுகு இந்தப் பக்கம், பத்து முதுகு அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பலகை வைத்து, அதன்மேல் நாலு ரீம் தாளை ஏற்றி வைத்துவிட்டுப் போ. காலையில் படிந்திருக்கும்.

ரெண்டாள்_பிரஸ்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஸ்பேனர் அக்கா சொன்னபடி எங்களிடம் இருப்பதிலேயே மோசமான இரண்டு வேலையைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். 64 பக்கம் 130 ஆர்ட் ஒன்று, 24 பக்கம் லேமினேஷன் கவர் ஒன்று.

மேசை மெஷினில் 64 பக்கம் மடிந்தது, மடிந்தது என்று பேர், தவளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்பதாவது புத்தகத்துக்கு மேல் பின் மடிப்பைவிட்டு விலக ஆரம்பித்தது. காட்டியவர் "நீங்கள் தாளைச் சரியாக விடவில்லை" என்றார். சரி, நீங்களே விடுங்கள் என்றேன், அவர் விட்டபோதும் விலகியது, அப்புறம் அவர் பேசவில்லை.

கட்டர் ஓரம் சொன்ன மாதிரியே ஒரு மாடல் வேறு இடத்தில் இருந்தது. கையால் விடுவது, கார்ட்ரிட்ஜ் பின், உள்ளேயே ட்ரிம்மர், ஃபீடர் பிறகு மாட்டலாம். 24 பக்கம் நூறு புத்தகம், கவரையும் செட்டையும் நானே சேர்த்து விட்டேன், வெட்டி வெளியே வர 28 நிமிஷம். கவருக்குக் கிரீஸ் முன்பே போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அதைத் தனியாகக் கணக்கு வைக்க வேண்டும், அதுவும் நூறுக்கு ஆறேழு நிமிஷம்தான். ஆக வாரத்துக்கு 21 மணி நேரம் இருந்தது ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிடும். 64 பக்கம் ஆர்ட் பேப்பரில் பின் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. வாய் கொஞ்சம் பிளந்தது, பைண்டர் ஐயா சொன்ன பலகை வைத்தியம் செய்து பார்த்தேன், மறுநாள் காலையில் அடங்கியிருந்தது. சதுர முதுகு யூனிட் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கிரெயின் விஷயம்தான் என்னை வெட்கப்பட வைத்தது. இத்தனை நாளாகக் குறுக்குக் கிரெயினில் மடித்துவிட்டு பிரின்டர் டோனரைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். எஸ்ஆர்ஏ3-இல் இரண்டாகப் போட்டு வெட்டி ஒரு வேலை செய்தோம், அதே தாள், அதே டோனர், கவர் மடிப்பில் வெள்ளைக் கோடே இல்லை.

ஆர்டர் கொடுத்தாயிற்று. அக்கா, கதவை அளந்தேன். மெஷினுக்கும் நிலைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருக்கிறது, ட்ரிம்மர் கழிவுப் பெட்டியைக் கழற்றிவிட்டு உள்ளே கொண்டுவரலாம் என்கிறார்கள். அது கழற்றக்கூடியதுதானா?

ஸ்பேனர்_அக்கா

கழற்றலாம், பெரும்பாலும் இரண்டு திருகுதான். பெட்டிக்கு மேலே ஒரு சென்சார் ஒயர் போகும், அதை முதலில் உருவிவிட்டு அப்புறம் பெட்டியை இழுக்கச் சொல்லுங்கள். கொண்டுவருகிறவர்கள் அவசரத்தில் இழுத்து ஒயரை அறுத்துவிட்டால் "பெட்டி நிறைந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே நிற்கும், ஓடாது.